மூணாம் நம்பர் ஃபிரிட்ஜின் விலாசம்

ஹலோ... அண்ணி, நான்தான்... வச்சுடாதீங்க! அண்ணி, தயவுசெஞ்சு வச்சுடாதீங்க...

இல்ல, இது எலக்ட்ரீஷியன் அண்ணன் போன். என் போன்ல இருந்து ரெண்டு தடவை அடிச்சேன். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டீங்க. அதான் இவர்கிட்ட வாங்கிப் பேசுறேன்... ஆமா, ஏமாத்திட்டேன்தான். அப்புறமா ஆற அமரத் திட்டுங்க.

வீட்டு விஷயம் இல்ல... இல்லைங்கறேன்ல. உங்க தம்பி தூது விடவும் இல்ல. பாவம் என் வீட்டுக்காரரு, ரெண்டு பக்கமும் அடி வாங்குற மத்தளம். அவரை விடுங்க. இது ஆஸ்பத்திரி விஷயம். அஞ்சு வாரமா பேசாம இருக்கோம், இன்னும் அஞ்சு வருஷம் வேணும்னாலும் பேசாம இருப்போம். இப்ப அஞ்சு நிமிஷம் மட்டும் காது குடுங்க.

பிளட் பேங்க்லதானே இருக்கீங்க?... தனியாவா? உதவிக்கு இருக்கிற அந்தப் பொண்ணு எங்க?... வார்டுக்குப் போயிருக்கா. சரி. சுவத்துல இருக்கிற திரையைப் பாருங்க. மூணாம் நம்பர் ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி காட்டுது?

நாலு புள்ளி ரெண்டு. சரி. அது பொய்.

பொய்னா பொய்தான் அண்ணி. அந்த நாலு புள்ளி ரெண்டு உங்க ஃபிரிட்ஜோடது இல்ல... கத்தாதீங்க, சொல்றேன். நான் பின் கட்டடத்துல, கீழ ஸ்டோர்ல நிக்கிறேன். உங்களுக்குன்னு வந்திருக்கே புது ஃபிரிட்ஜ், அது இங்கதான் காலியா ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப கொஞ்சம் முன்னாடி அண்ணன் அதோட கதவைத் திறந்தாரு. என் லேப்டாப்ல உங்க மூணாம் நம்பர் ஏறுச்சு. இங்க கதவைத் திறந்தா அங்க இருக்கிற ஃபிரிட்ஜ் எப்படி சூடாகும்? நீங்களே சொல்லுங்க.

நம்ப வேணாம். நான் சொல்றதை நம்பவே வேணாம். கண்ணால பாருங்க. திரையை விட்டு பார்வையை எடுக்காதீங்க. அண்ணே, திறங்க. நல்லா விரியத் திறங்க... உங்களைச் சொல்லல அண்ணி, இவரைச் சொன்னேன். என்ன காட்டுது?... நாலரை. இன்னும் பாருங்க... அஞ்சு... ம்... ஆறேகால். அண்ணே, மூடுங்க. பாத்துக்கிட்டே இருங்க அண்ணி. இறங்குதா?... இறங்குதுல்ல.

அண்ணி?... ஹலோ?

ஆமா. அதைத்தான் நானும் கேக்குறேன். அப்ப உங்க ஃபிரிட்ஜ் உள்ள எத்தனை? யாருக்கும் தெரியாது. போங்க. போனைக் காதுலயே வச்சுக்கிட்டுப் போங்க. கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி வழியாப் பாருங்க. உள்ள லைட் எரியுதா?

எரியல... பின்னாடி பிளக்கைப் பாருங்க... பாதி வெளியில தொங்குதா? கடவுளே. காலையில தரை துடைச்சாங்களா? துடைப்பக் கட்டை இடிச்சிருக்கும்... அந்த அம்மாவை அப்புறம் பிடிச்சுக்கலாம், இப்ப வேணாம்.

ஃபிரிட்ஜோட சொந்த மணி அடிச்சிருக்கணுமே... பெயிண்ட் அடிக்க வந்தவங்க நிறுத்தச் சொன்னாங்களா? அப்புறம் திரைதான் இருக்கேன்னு நீங்களும் திரும்பப் போடல. சரி, சரி. யாரையும் குத்தம் சொல்ல நான் கூப்பிடல.

தெர்மாமீட்டர் எங்க? உங்க பழைய பாதரச தெர்மாமீட்டர்... டிராயர்லயா?... ஆமா, நான்தான் சிரிச்சேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தீங்க, "இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க அண்ணி"ன்னு எல்லார் முன்னாடியும் நான்தான் சொன்னேன். அடுத்த நாளே நோட்டை மூடி வச்சுட்டீங்க. ரோஷத்துல நீங்களும் சளைச்சவங்க இல்ல. எடுங்க அதை. உள்ள வைங்க.

எவ்வளவு?... இன்னும் ஏறுதா?... பன்னெண்டு.

பன்னெண்டா?

சரி. பதறாதீங்க. நான் பதறல, நீங்களும் பதறாதீங்க. பிளக்கை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பையை எல்லாம் எடுங்க. ரெண்டாம் நம்பருக்கு மாத்துங்க... இருங்க, இருங்க! ரெண்டாம் நம்பரையும் நம்பக் கூடாது. தெர்மாமீட்டரை அதுல வச்சுப் பாருங்க. திரை சொல்றதைக் கேக்காதீங்க, இன்னிக்கு யாரையும் நம்பாதீங்க... லைட் எரியுதா? எரியுது. மோட்டார் சத்தம்?... கேக்குது. தெர்மாமீட்டர்?... நாலு. அப்பாடா. எத்தனை பை?

ஆறு. அதுல ரெண்டு இன்னிக்கு ஆபரேஷனுக்கு... பதினொரு மணிக்கு, அந்தத் தையல்கார அம்மாவுக்கு. தெரியும். நெகட்டிவ் குரூப், ரெண்டு ஊர் தேடி வந்த ரத்தம். தெரியும் அண்ணி. போனை மேஜை மேல வச்சுட்டு ரெண்டு கையாலயும் எடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க, சத்தம் கேக்கணும்... எடுக்குறாங்க. தட்டு உரசுற சத்தம்தான் அது... இல்லண்ணே, நீங்க ஒரு தப்பும் பண்ணல. நீங்க கதவைத் திறக்காம இருந்திருந்தா அந்த ரெண்டு பையும் ஒரு மனுஷி உடம்புல ஏறியிருக்கும். நீங்க சாமி மாதிரி வந்து திறந்தீங்க. இப்ப பேசாம நில்லுங்க.

அண்ணி?... எல்லாம் மாத்தியாச்சா? கதவு மூடியாச்சா? மணி ஒன்பது நாப்பத்தி நாலு. குறிச்சுட்டேன். நீங்களும் குறிச்சுக்கோங்க. இப்ப பிளக்கை நல்லா அழுத்தி மாட்டுங்க. அந்த மணியையும் போட்டுடுங்க.

உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க... நான் அதிகாரம் பண்ணல, சொல்றேன். குடிங்க.

எப்படி ஆச்சுன்னா... சொல்றேன். சொல்லித்தானே ஆகணும்.

இங்க இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பேர் இருக்கு, ஒரு விலாசம் இருக்கு. பேரையும் விலாசத்தையும் சேர்த்து எழுதி வச்ச பட்டியலைத்தான் டிஎன்எஸ், டிஎன்எஸ்னு நாங்க சொல்றது. வயரைக் கழட்டி மாட்டுனா மெஷினுக்கு வேற விலாசம் வரலாம். வந்துச்சுன்னா அதுவே போய்ப் பட்டியல்ல மாத்தி எழுதிக்கும். முந்தாநாள் பெயிண்ட் அடிக்க உங்க ரூம் வயரெல்லாம் கழட்டிப் போட்டாங்கல்ல? அன்னிக்குத்தான் இந்தப் புது ஃபிரிட்ஜையும் இங்க மாட்டுனோம். உங்க ஃபிரிட்ஜோட பழைய விலாசத்துக்கு இது குடி வந்திருச்சு. உங்களுது வேற வீட்டுக்குப் போயிருச்சு. ஆனா வாசல்ல பழைய பேர்ப் பலகையே தொங்குது. திரை பலகையைப் பாத்துக் கதவைத் தட்டுது, உள்ள இருந்து இது "நாலு டிகிரி, சௌக்கியம்"னு பதில் சொல்லுது. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே குரல். யாருக்குச் சந்தேகம் வரும்?

அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். ஏன் மாத்தி எழுதிக்கல... ஏன்னா பூட்டியிருந்துச்சு.

நான்தான் பூட்டுனேன்.

கேளுங்க. முழுசாக் கேளுங்க. அஞ்சு வாரம் முன்னாடி உங்க லேபிள் பிரிண்டர் பேர் பட்டியல்ல இருந்து காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா?... மறப்பீங்களா என்ன. அது ரெண்டு வாரம் ரிப்பேர்ல கிடந்துச்சு. பழைய பேரையெல்லாம் தானா துடைக்கிற ஏற்பாடு ஒன்னு உண்டு, அது துடைச்சிருச்சு. அரை நாள் லேபிள் அடிக்க முடியல. நீங்க வராந்தாவுல, டாக்டர் முன்னாடி, நர்ஸுங்க முன்னாடி, "எங்க வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இவ எதையாவது தொலைச்சுக்கிட்டேதான் இருக்கா"ன்னீங்க... சொன்னீங்க அண்ணி. சொன்னீங்க. நான் அங்க ஒரு வார்த்தை பேசல. நேரா கீழ வந்தேன், துடைக்கிற ஏற்பாட்டை நிறுத்துனேன். பிளட் பேங்க் பேர் ஒன்னையும் யாரும், எதுவும் தொட முடியாதபடி பூட்டுனேன். இனிமே உங்களுது ஒன்னுகூடத் தொலையாது, போதுமான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. உங்க ஃபிரிட்ஜ் தன் புது விலாசத்தை எழுத எத்தனை தடவை வந்து நின்னுச்சோ, நான் போட்ட பூட்டு விடல.

...

சரி. வாங்கிக்கிறேன்... ஆமா... ஆமா... அதுவும் சரிதான். நீங்க எவ்வளவு திட்டுனாலும் வாங்கிக்கிறேன்.

என்ன சத்தம் அது? உங்க மேஜை போனா? எடுங்க, எடுங்க. ஆபரேஷன் தியேட்டரா இருக்கும்...

...

என்னவாம்?... டாக்டர் பையை இப்பவே அனுப்பச் சொல்றாரா? நீங்க என்ன சொன்னீங்க?... பத்து நிமிஷம் கேட்டீங்களா. நல்லது.

அப்ப, பத்து டிகிரி தாண்டி அரை மணி நேரம். அதானே சட்டம்? உங்க சுவத்துல ஒட்டியிருக்கிற காகிதத்துல அதானே போட்டிருக்கு? அரை மணிக்குள்ள மாத்தியிருந்தா குடுக்கலாம், தாண்டியிருந்தா கொட்டணும்... எப்ப தாண்டுச்சுன்னு திரையில தெரியாது. திரைக்கிட்ட இருக்கிறது பூரா இங்க ஓடுற புது ஃபிரிட்ஜ் கதை. ஆனா உங்க ஃபிரிட்ஜ் சூட்டை அளக்கிற சென்சாருக்கு உள்ளயே ஞாபகம் உண்டு. அதுக்குத் தனி வயர்ல கரண்ட் போகுது, பிளக் போனாலும் அது நிக்காது. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வச்சிருக்கும். அதோட இப்போதைய விலாசம் மட்டும் கிடைச்சாப் போதும்.

தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்... விலாசம் குடுக்கிற பட்டியல் தனியா இருக்கு. அதுல நூத்திப் பதினேழு மெஷின் பேர் இல்லாம வரிசையா நிக்குது. எல்லாம் நான் அஞ்சு வாரமா துடைக்க விடாம சேர்த்து வச்ச குப்பை. நீங்க ஒரு உதவி பண்ணணும். ஃபிரிட்ஜ் தலை மேல வெள்ளையா ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுதான் சென்சார். அதுல ஒரு ஸ்டிக்கர். கடைசி நாலு எழுத்து படிங்க... பொடி எழுத்துதான். கண்ணாடி போட்டுக்கோங்க... கண்ணாடி எங்க?... நெத்தியில இருக்கான்னு பாருங்க. வீட்டுலயும் அங்கதான் இருக்கும்.

இருக்கா. நாற்காலி மேல ஏறுறீங்களா? சக்கரம் வச்ச நாற்காலியில ஏறாதீங்க! ஸ்டூலைப் போட்டு ஏறுங்க... சொல்லுங்க. ஏழு... எஃப்... ரெண்டு... சைபர். நிதானமா இன்னொரு தடவை... ஏழு, எஃப், ரெண்டு, சைபர். இருங்க...

இருக்கு! இருக்கு அண்ணி, கிடைச்சிருச்சு. நாப்பத்தி மூணாவது வரி. இறங்குங்க, மெதுவா இறங்குங்க. உள்ள போறேன்... இப்ப பதினொன்னு புள்ளி ஆறு காட்டுது, இறங்கிக்கிட்டு இருக்கு. அப்ப இதுதான் உங்க ஃபிரிட்ஜ். சந்தேகமே இல்ல.

பழைய பதிவைத் திறக்கிறேன்... ஆறு மணிக்கு நாலு டிகிரி. ஆறேமுக்காலுக்கு ஏற ஆரம்பிச்சிருக்கு, பிளக் போன நேரம் அதுதான். எட்டு மணிக்கு ஏழு... எட்டரைக்கு எட்டு புள்ளி மூணு... ஒன்பதுக்கு ஒன்பதரை...

...

இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

இன்னும் வரல... நெட் மெதுவா இருக்கு...

இல்ல அண்ணி. வந்திருச்சு. பொய் சொன்னேன்.

ஒரு நிமிஷம் பேச விடுங்க. இந்தப் பதிவு என் ஒருத்தி கண்ணுக்குத்தான் தெரியுது. உங்களுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. ஒன்பது பதினஞ்சுக்குத்தான் பத்தைத் தாண்டுச்சுன்னு நான் சொன்னா நீங்க பதினஞ்சுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பையை அனுப்பிடுவீங்க. அந்த அம்மா ஏற்கெனவே ஒரு தடவை தேதி தள்ளிப் போய் வந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் காலையில லிஃப்ட் பக்கத்துல உக்காந்திருந்தாரு, மடியில ஒரு கூடையை வச்சுக்கிட்டு. என்னைப் பாத்து, "இன்னிக்கு முடிஞ்சிரும்லமா"ன்னு கேட்டாரு. நான் யாரு, வயர் மாட்டுறவ. என்கிட்டப் போய்க் கேட்டாரு. முடிஞ்சிரும்ணேன்னு சொன்னேன்.

ஒன்பது பதினொன்னு.

ஒன்பது பதினொன்னுக்குப் பத்தைத் தாண்டியிருக்கு. நீங்க மாத்தி முடிச்சது நாப்பத்தி நாலு. முப்பத்தி மூணு நிமிஷம்.

மூணு நிமிஷம் அண்ணி. வெறும் மூணு நிமிஷம்! அதுக்குள்ள ரத்தம் என்ன கெட்டுப் போயிரும்? அந்த அரை மணிங்கறது யாரோ மேஜையில உக்காந்து போட்ட...

...

ம்.

...

ம்... சரி. கேட்டிருக்கக் கூடாது. சரி அண்ணி. முப்பதுன்னா முப்பதுதான். நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் பதினஞ்சுன்னு சொல்ல வாய் வரல.

ஆறையும் தனியா வச்சுடுங்க. குடுக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டிடுங்க. வேற ஊர்ல இருந்து வர எவ்வளவு நேரமாகும்?... நாளைக்குச் சாயங்காலமா. அப்ப ஆபரேஷன் நாளன்னிக்கு... நாளன்னிக்குன்னா நாளன்னிக்கு. அதுவரைக்கும் தாங்குவாங்கல்ல?... டாக்டர் சொன்னாரா? தாங்குவாங்களா? சரி. அது போதும்.

என்ன கேட்டீங்க?

முதல்ல எப்ப அடிச்சேனா?... அது எதுக்கு இப்ப... இல்ல அண்ணி, அதெல்லாம் ஞாபகம் இல்ல... உங்க போன்ல பாக்குறீங்களா? வேணாம். பாக்காதீங்க. அண்ணி, அந்தக் கணக்கைப் போடாதீங்க, சொல்றேன்ல...

ஆமா. முதல்ல அடிச்சது ஒன்பது முப்பத்தாறு. அப்புறம் முப்பத்தெட்டு. நீங்க எடுத்தது முப்பத்தொன்பது.

...

அழாதீங்க. அண்ணி... ஐயோ, நீங்க அழுது நான் கேட்டதே இல்ல. உங்கப்பா தவறுனப்பகூட நீங்க அழல, எங்களையெல்லாம் அதட்டிக்கிட்டு நின்னீங்க. அழாதீங்க... எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்தான். இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், இன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டேன், போதும். ஆனா நீங்க கட் பண்ணது மூணு நிமிஷம். நான் பூட்டி வச்சது அஞ்சு வாரம். எது பெருசு? நீங்களே சொல்லுங்க.

ம்... கோவத்துல அறுத்த மூக்கு சிரிச்சா ஒட்டுமான்னு எங்கம்மா சொல்லும். அறுத்தது நம்ம மூக்கா இருந்தாப் பரவாயில்ல. யாரோ ஒருத்தங்க மூக்கை அறுத்துட்டு உக்காந்திருக்கோம்.

ரிப்போர்ட்ல நான் பூட்டுனதை எழுதுறேன். ஏன் பூட்டுனேன்னும் எழுதுறேன்... வேலை போனாப் போகட்டும். நீங்க நோட்டை மூடி வச்சதை நீங்க எழுதுங்க, அது உங்க இஷ்டம்... எழுதுறீங்களா. சரி.

இப்பவே பூட்டை எடுக்குறேன்... எடுத்துட்டேன். திரையைப் பாருங்க. மூணாம் நம்பர்?... பதினொன்னு புள்ளி ரெண்டு, சிவப்புல. பாத்தீங்களா, இப்பத்தான் உண்மையைச் சொல்லுது.

அவருக்கு யாரு சொல்லுவா? அந்தக் கூடைக்காரருக்கு?... நர்ஸ் வேணாம். டாக்டர் மருத்துவக் காரணம்னு ஏதாவது சொல்லிட்டுப் போயிருவாரு. அவர் கேட்டது என்கிட்ட, நான்தான் முடிஞ்சிரும்னு வாக்குக் குடுத்தேன். நானே வந்து சொல்றேன்... தெரியும், திட்டுவாரு. அடிச்சாலும் நிக்கிறேன்.

அண்ணே, உங்க போன் கொஞ்சம் என்கிட்டயே இருக்கட்டும், நானே கொண்டாந்து தரேன். ஸ்டோர் கதவை மட்டும் பூட்டிக்கோங்க... கிளம்பிட்டேன் அண்ணி. நடந்துக்கிட்டேதான் பேசுறேன். வெயில் மண்டையைப் பிளக்குது...

என்ன?... இல்ல, நீங்க எதுக்கு? நீங்க அங்க இருக்கணும்... அந்தப் பொண்ணு வந்துட்டாளா?... வேணாம் அண்ணி, நீங்க வந்தா அவர் உங்களையும் சேர்த்து...

ம்... ம்...

சரி. வாங்க. ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம். கண்ணைத் துடைச்சுக்கிட்டு வாங்க, நம்ம அழுகையைப் பாத்தா அந்த மனுஷன் வேற மாதிரி நினைச்சுப் பயந்துருவாரு... முகத்தைக் கழுவிட்டே வாங்க.

படி ஏறுறேன்... முதல் மாடி... மூச்சு வாங்குது, இருங்க... லிஃப்ட் பக்கத்துலதான் இருக்காரு. அதே பெஞ்சுல. கூடையும் அப்படியே மடியில இருக்கு. என்னைப் பாத்துட்டாரு. எந்திரிக்கிறாரு அண்ணி...

நீங்க எங்க இருக்கீங்க?... ஆ, பாத்துட்டேன். வாங்க.

இப்ப வச்சுடுங்க.